ஆழத்துக்குக் காசில்லை

பெங்களூருக்கு வெளியே, ஏரியைச் சுற்றிக்கொண்டு ஹெப்பகோடிக்குப் போகும் அந்தச் சாலையில் கல் குவாரி லாரிகள் ஓட ஆரம்பித்த பிறகு, தார் ஓரங்களில் மட்டும்தான் மிச்சமிருந்தது. நடுவில் எல்லாம் பள்ளம். கன்னடத்தில் பள்ளத்துக்கு ‘குண்டி’ என்று பெயர். கான்ட்ராக்டர் மஞ்சுநாத் பைக்கில் வந்து இறங்கி, “குண்டி முச்சி, பேகா பேகா குண்டி முச்சி!” என்று ஆட்களை விரட்டும்போது, வேலை செய்கிற தமிழ்ப் பெண்கள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரிப்பார்கள். பள்ளத்தைச் சீக்கிரம் மூடுங்கள் என்றுதான் அவர் சொன்னார். அவர்கள் எதற்குச் சிரிக்கிறார்கள் என்பது அவருக்குக் கடைசிவரை தெரியாது.

அந்த ஆட்களில் ஒருவன் யேசுதாஸ். தங்கவயல்காரன். சுரங்கத்துக்குள் மேற்பாறை சரியாமல் மரமுட்டுக் கொடுக்கிற வேலையில் இருந்தவன். சுரங்கத்தை மூடிய பிறகு, மனைவி செண்பகத்தோடு எங்கள் பக்கம் வந்து சேர்ந்தான். ஏரிக்கு அந்தப் புறம் வாடகை குறைவு என்பதால் நாங்கள் எல்லோரும் அங்கேதான் ஷீட் போட்ட வரிசை வீடுகளில் இருந்தோம். செண்பகம் பொம்மசந்திராவில் மருந்து அட்டைப்பெட்டி மடிக்கிற கம்பெனிக்குப் போனாள். அவன் தார் வேலைக்குப் போனான். மகள் ஆஷாவைப் பெங்களூருக்குள் மர்பி டவுனில் அவனுடைய அக்கா வீட்டில் விட்டுப் படிக்க வைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை அவள் வந்தால் மட்டும் அந்த வீட்டில் கறி வாசனை வரும்.

கட்டியது காதல் கல்யாணம். அவன் மாதா கோவிலுக்குப் போகிறவன், அவள் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறவள். இரண்டு வீட்டிலும் சேர்க்கவில்லை. அதைப் பற்றி யாராவது கேட்டால் செண்பகம், “சேத்துக்கலைன்னா நாங்க தனியா சேந்துக்கினோம், அவ்ளோதான்” என்பாள். அவள் பேச்சு எப்போதும் அப்படித்தான்.

ஆடி மாதத்தில் ஒரு தடவை அந்தச் சாலையில் ஒட்டுவேலை நடந்தது. மேஸ்திரி ஆதிகேசவன் டிராக்டரில் ஏரிக்கரைச் செம்மண்ணைக் கொண்டுவந்து இறக்கினார். பெண்கள் பாண்டுச் சட்டியில் அள்ளிப் பள்ளத்தில் கொட்டினார்கள். காலால் மிதித்தார்கள். யேசுதாஸ் டின்னில் கொதித்த தாரைக் கரண்டியால் மேலாகத் தெளித்தான். அதன்மேல் பொடிஜல்லி, அதன்மேல் மணல். மாலையில் வேலை முடிந்தபோது சாலை புதிது மாதிரி கறுப்பாக இருந்தது. டேப் பிடித்து அளக்க வந்த அதிகாரிகள் அளந்துகொண்டு போனார்கள்.

ஆவணியில் மழை பிடித்தது. பெங்களூர் மழை அடித்துப் பெய்யாது. நசநசவென்று நாள்முழுக்கத் தூறும். ஈரத்தில் உள்ளே இருந்த மண் குழைந்தது. மேலே தார் மட்டும் அப்பளம் மாதிரி நின்றது. கல் லாரி ஒன்று ஏறியதும் அதுவும் போயிற்று. ஆனால் வளைவில் இருந்த பெரிய பள்ளத்தின் மேல் பாதித் தார் அப்படியே மூடிக்கொண்டிருந்தது. பார்த்தால் ரோடு. காலையில் ஷிஃப்டுக்குப் போகிற பெண்களை ஏற்றிக்கொண்டு வந்த ரவிக்குமாரின் ஆட்டோ அதை ரோடு என்று நம்பி ஏறியது. முன்சக்கரம் உள்ளே இறங்க, வண்டி பக்கவாட்டில் சாய்ந்தது. மற்றவர்களுக்குச் சிராய்ப்போடு போயிற்று. ஓரத்தில் உட்கார்ந்திருந்த செண்பகத்தின் வலது கால் கம்பிக்கு அடியில் மாட்டி, முழங்காலுக்குக் கீழே முறிந்தது.

யேசுதாஸ் வேறு ஒரு ஊரில் தார் காய்ச்சிக்கொண்டிருந்தான். சேதி போய், சட்டையெல்லாம் தாரோடு ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்தான். வராந்தாவில் ஸ்ட்ரெச்சரில் கிடந்த செண்பகம் அவனைப் பார்த்ததும் அழவில்லை.

“எந்தப் பள்ளம்னு கேக்க மாட்டியா?” என்றாள்.

“ரவி சொன்னான்” என்றான் அவன். அவளுடைய செருப்பைத் தேடி எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். ஒரு செருப்புதான் இருந்தது.

மாவுக்கட்டுப் போட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். கம்பெனியில், குணமானதும் வந்து பார் என்றார்கள். பார் என்றால் என்ன அர்த்தம் என்று அங்கே வேலை செய்கிற எல்லோருக்கும் தெரியும். யேசுதாஸ் சமைக்கக் கற்றுக்கொண்டான். ராகிக் களியைக் கட்டிதட்டாமல் கிண்ட அவனுக்கு வரவில்லை. அவள் கட்டிலில் சாய்ந்தபடி, “தண்ணி கொதிச்சப்புறம் மாவு போடு. அவசரப்படாத” என்று சொல்லிக்கொண்டிருப்பாள். பக்கத்து வீட்டிலிருந்து நாங்கள் குழம்பு கொடுத்தால் வாங்கிக்கொள்வான். பள்ளத்தைப் பற்றி மட்டும் இரண்டு பேரும் பேசவில்லை.

ஒரு நாள் சாயங்காலம், கருவாட்டுக் குழம்பு அடுப்பில் இருக்கும்போது, அவளே ஆரம்பித்தாள்.

“இன்னா போட்டீங்க அதுல?”

“எதுல?”

“தெரியாத மாதிரி கேக்காத. வளைவுல.”

அவன் கரண்டியைக் கீழே வைக்கவில்லை. “மண்ணு.”

“வெறும் மண்ணா?”

“ஏரி மண்ணு. மேல தார் தெளிச்சோம்.”

“ஜல்லி வர்லியா?”

“வந்துச்சி. எறக்கின மாதிரி எறக்கி, பாதி வேற எங்கியோ போயிடுச்சி. தாரும் அப்டித்தான்.”

“நீ வாயத் தொறந்து கேக்கல.”

“கேட்டேன். கேக்காம இல்ல. மஞ்சுநாத் இன்னா சொன்னாரு தெரியுமா? அளக்க வர்றவங்க மேலதான் டேப்பு புடிப்பாங்களாம். நீளம் அகலம் எழுதிக்கினு போயிடுவாங்களாம். ‘ஆழத்துக்குக் காசில்ல யேசு, அகலத்துக்குத்தான் காசு. நான் எதுக்கு ஆழத்துல துட்ட கொட்டணும்?’னாரு.”

செண்பகம் தன் கட்டுப்போட்ட காலைப் பார்த்தாள்.

“நான் வுழுந்தது ஆழத்துல” என்றாள்.

குழம்பு பொங்கி அடுப்பில் வழிந்தது. அவன் துணியால் பிடித்து இறக்கினான்.

“சுரங்கத்துல இப்டி முட்டு குடுத்திருப்பியா? உள்ள உளுத்த மரத்த வெச்சி மேல பெயின்ட் அடிச்சி?”

“அங்க என் தலைக்கு மேல இருந்துச்சி பாறை.”

“இங்க என் காலுக்குக் கீழ இருந்துச்சி.”

அவன் தட்டில் களியை எடுத்து வைத்து, குழம்பை ஊற்றி, அவளிடம் கொடுத்தான். அவள் வாங்கிச் சாப்பிட்டாள். சாப்பிட்டு முடித்துக் கை கழுவத் தண்ணீர் ஊற்றும்போது அவன் சொன்னான்: “மறுபடியும் அதே ரோட்ல வேல வருது. ஏரிக்கு இந்தப் பக்கம் காலேஜ் தொறக்கறாங்க. பெரிய ஆளுங்க கார்ல வர்றாங்களாம். அதுக்கு முன்னாடி எல்லாப் பள்ளத்தயும் மூடணும்.”

“அதே மாதிரியா?”

“அதே மாதிரிதான். மண்ணு எறக்கிட்டாங்க.”

“போவாத.”

“நான் போவலேன்னா வேற ஒருத்தன் ஊத்துவான். ஆஷாவுக்குப் பரீட்ச பீஸ் கட்டணும். நீயும் வீட்ல கீற.”

“அப்போ போ. போய் ஒழுங்கா போடு.”

“நான் கூலிக்காரன் செண்பகம். சொல்றத செய்யணும்.”

அவள் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். “சரி. நீ கூலிக்காரன். நான் யாருக்கும் கூலிக்காரி இல்ல இப்போ. என்னை வேலய வுட்டுத்தான் நிறுத்திட்டாங்களே.”

அவள் என்ன நினைக்கிறாள் என்பது அவனுக்கு அப்போது புரியவில்லை. எங்களுக்கும் புரியவில்லை.

காலேஜ் திறக்கிற அன்று காலையிலேயே வளைவில் அடுப்பு மூட்டித் தார் டின்னை ஏற்றியிருந்தார்கள். தூறல் விட்டிருந்தது. நீலகிரித் தோப்பு முழுக்கத் தார்ப்புகை. மஞ்சுநாத் இன்னும் வரவில்லை. ஆதிகேசவன் ஆட்களுக்கு ஒரு டீயை இரண்டாகப் பிரித்த ‘ஒன் பை டூ’ டீ வாங்கிக் கொடுத்து, “மத்தியானத்துக்குள்ள முடிக்கணும்பா, கார்ங்க வந்துரும்” என்று அவசரப்படுத்தினார். எல்லம்மா என்கிற பெண் முதல் பாண்டு மண்ணைத் தலையில் ஏற்றிக்கொண்டு பள்ளத்தை நெருங்கும்போது, ரவிக்குமாரின் ஆட்டோ வந்து நின்றது.

ஆட்டோவுக்குள் செண்பகம். மாவுக்கட்டின்மேல் பால் கவர்களை வெட்டிச் சுற்றி நூலால் கட்டியிருந்தாள். மடியில் ஒரு சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலி. ரவி முதலில் நாற்காலியை எடுத்துப் பள்ளத்துக்குள் இறக்கி வைத்தான். முழங்கால் அளவு சேற்றுத் தண்ணீர். பிறகு அவளைத் தாங்கிப் பிடித்து இறக்கி அதில் உட்கார வைத்தான். கட்டுப்போட்ட காலை நீட்டி வைக்க ஒரு காலித் தார் டின்னைக் கவிழ்த்தான்.

கையில் கரண்டியோடு யேசுதாஸ் ஓடிவந்தான். “இன்னாடி பண்ற?”

“உக்காந்துக்கினு கீறேன்.”

“எழுந்துரு. எல்லாரும் பாக்கறாங்க.”

“பாக்கட்டும். அதுக்குத்தான் வந்தேன்.”

எல்லம்மா மண்ணோடு அப்படியே நின்றாள். “அக்கா, இது எங்க கொட்டறது?”

“என் தலமேல கொட்டு” என்றாள் செண்பகம்.

எல்லம்மா பாண்டைக் கீழே இறக்கி வைத்துவிட்டு பள்ளத்தின் விளிம்பிலேயே உட்கார்ந்துகொண்டாள்.

இரண்டு பக்கமும் வண்டிகள் சேர ஆரம்பித்தன. கல் லாரிகள், தண்ணீர் டிராக்டர், ஷிஃப்டு ஆட்டோக்கள். பெண்கள் இறங்கி வந்து சுற்றி நின்றார்கள். நாங்களும் நின்றோம். அப்போதுதான் மஞ்சுநாத்தின் பைக் வந்தது.

“ஏனம்மா இது? நாடகமா?” அவர் தமிழ் பேசினால் இப்படித்தான், இரண்டும் கலந்து வரும்.

“ஒண்ணுமில்ல சார். நான் வுழுந்த எடம். பாக்க வந்தேன்.”

“பாத்தாச்சில்ல? எழுந்துரு. பள்ளத்த மூடணும்.”

“இன்னா போட்டு மூடுவீங்க?”

மஞ்சுநாத் யேசுதாஸ் பக்கம் திரும்பினார். “ஏய் யேசு, நின் ஹெண்ட்திகே ஹேளு. உன் பொண்டாட்டிய தூக்கு வெளிய.”

யேசுதாஸ் அவளைப் பார்த்தான். சேற்றில் நாற்காலியின் கால்கள் சரிந்துகொண்டிருந்தன. அவள் இரண்டு கையாலும் கைப்பிடியை இறுக்கிப் பிடித்திருந்தாள். வலி இருந்திருக்க வேண்டும், உதடு வெளுத்திருந்தது.

“யாரு தூக்கச் சொன்னாலும் நான் தூக்க மாட்டேன் சார்” என்றான்.

“போலீஸ கூப்டுவேன்.”

“கூப்டுங்க” என்றாள் செண்பகம். “அவங்களும் இந்தப் பள்ளத்துல எறங்கித்தான் வரணும்.”

பெண்கள் கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. மஞ்சுநாத்துக்கு முகம் சிவந்தது. ஆனால் அவர் கெட்ட வார்த்தை பேசுகிற ஆள் இல்லை. பைக்கை ஸ்டாண்டு போட்டுவிட்டு, பள்ளத்தின் ஓரத்தில் குந்தி உட்கார்ந்து, குரலை இறக்கிச் சொன்னார்:

“அம்மா, கேளு. எனக்கு மேல இருக்கறவங்களுக்குக் குடுக்கணும். கீழ இவங்களுக்குக் கூலி குடுக்கணும். அடியில இருந்து ஜல்லி போட்டு, நல்ல தார் ஊத்தி மூடினா, குடுக்கற காசுல இந்த ரோட்ல பாதிப் பள்ளம்தான் ஆவும். மீதிப் பாதிக்கு நான் எங்க போவேன்? என் வீட்டயா விக்கறது?”

செண்பகம் கொஞ்சம் யோசித்தாள். அவர் சொன்னது பொய் இல்லை என்று அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

“அப்போ பாதிய மூடுங்க” என்றாள்.

“மீதி?”

“தொறந்து கெடக்கட்டும்.”

“கார்ல வர்றவங்க பாத்தா?”

“பாக்கட்டும் சார். தொறந்து கெடந்தா ரவி பாத்து ஓட்டியிருப்பான். நீங்க மூடி வெச்சதாலதான் அவன் ஏறினான். எங்க காலு போனா போவுதுன்னு கண்ணுக்கு மறைச்சி வெக்கறீங்க பாருங்க, அதுதான் தப்பு.”

மஞ்சுநாத் எழுந்தார். மணியைப் பார்த்தார். டின்னில் தார் கொதித்துக் கருகுகிற வாடை வந்தது. ஆதிகேசவன் கையைப் பிசைந்தபடி, “யேசு, புள்ளகுட்டிக்காரன் நானு. அட்வான்ஸ் வாங்கித் தின்னுட்டேன். எதுனா பண்ணுப்பா” என்றார்.

யேசுதாஸ் கரண்டியைத் தார் டின்மேல் குறுக்கே வைத்தான். போய்க் கடப்பாரையை எடுத்து வந்தான். பள்ளத்தின் ஓரத்தில் உளுத்துப்போன தாரில் அதை இறக்கினான்.

“யாரு ஒடைக்கச் சொன்னது?” என்று மஞ்சுநாத் கத்தினார்.

“ஓரத்த வெட்டி கெட்டித் தரைய புடிக்காம மூட முடியாது சார்.”

“நாளையில இருந்து நீ வேலைக்கு வர வாணாம்.”

“நாளைக்குத்தான? இன்னிக்குக் கீறேன் இல்ல?” என்று சொல்லி அடுத்த குத்து குத்தினான்.

எல்லம்மா எழுந்தாள். பாண்டிலிருந்த மண்ணைச் சாலையோரத்தில் வீசிக் கொட்டினாள். அதே பாண்டால் பள்ளத்துத் தண்ணீரை இறைக்க ஆரம்பித்தாள். மற்ற பெண்களும் சேர்ந்தார்கள். யாரும் யாரையும் கூப்பிடவில்லை. ஷிஃப்டுக்குப் போக வந்த பெண்களில் இரண்டு பேர் சாப்பாட்டு டப்பாவை ஆட்டோவில் வைத்துவிட்டு இறங்கினார்கள். நானும் இறங்கினேன். சேறு ஐஸ் மாதிரி இருந்தது. ஆதிகேசவன் கொஞ்ச நேரம் எல்லோரையும் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தலையில் துண்டை இறுக்கிக் கட்டினார்.

“அம்மா செண்பகம், நீ எழுந்தாத்தான் வேல நடக்கும்” என்றார்.

“நெஜமாவா மேஸ்திரி?”

“உங்கம்மா மேல சத்தியமா.”

“எங்கம்மா செத்து எத்தினியோ வருஷம் ஆவுது. உங்க மேல சத்தியம் பண்ணுங்க.”

பண்ணினார். யேசுதாஸ் அவளை நாற்காலியோடு தூக்கி ஓரத்தில் வைத்தான்.

மஞ்சுநாத் தடுக்கவில்லை. அவ்வளவு பேர் முன்னால் அவரால் என்ன செய்திருக்க முடியும்? பைக்கின் மேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஓரங்களைச் சதுரமாக வெட்டினார்கள். சேற்றை வழித்து எடுத்தார்கள். அடியில் கடப்பாரை ‘ணங்’கென்று கெட்டியாகச் சத்தம் கொடுக்கும்வரை தோண்டினார்கள். சாக்கால் ஒற்றி, துடைப்பத்தால் பெருக்கி, ஈரம் போக வைக்கோல் கொளுத்திப் போட்டார்கள். கணக்குக் காட்ட இறக்கி வைத்திருந்த பெரிய ஜல்லியை அடியில் அடுக்கித் திமிசுக் கட்டையால் இடித்தார்கள். ஆளுக்கொரு தரம் மாறி மாறி இடித்தும் கை கொப்புளித்தது. யேசுதாஸ் சூடான தாரைப் பள்ளத்தின் பக்கங்கள் முழுக்கப் பூசினான். பெண்கள் தகரத்தின்மேல் சின்ன ஜல்லியைக் கொட்டித் தார் ஊற்றிப் புரட்டிக் கொடுத்தார்கள். கண்ணெல்லாம் எரிந்தது. ரோலர் இல்லை. யேசுதாஸ் காத்து நின்ற கல் லாரி டிரைவரிடம் போனான்.

“அண்ணா, மெதுவா இதுமேல ஏறி எறங்கு. முன்ன பின்ன வா.”

“பொதஞ்சிட்டா?”

“பொதஞ்சா நான் தூக்கறேன், வா.”

டிரைவர் சிரித்துக்கொண்டே கியர் போட்டான். பாரம் ஏற்றிய லாரி வளைவில் ஏறியது. எல்லோரும் சக்கரத்தையே பார்த்தோம். தார் நசுங்கிப் பளபளத்தது. கீழே போகவில்லை.

செண்பகம் ரவியைக் கூப்பிட்டாள். “நாற்காலிய எடு. அடுத்த பள்ளத்துக்குப் போலாம்.”

மத்தியானத்துக்குள் வந்த ஜல்லியும் தாரும் தீர்ந்துவிட்டன. மஞ்சுநாத் சொன்னது போலவே பாதிப் பள்ளம்தான் முடிந்திருந்தது. மீதிக்கு மண் மட்டும் குவிந்து கிடந்தது. அதை யாரும் தொடவில்லை. எல்லம்மா நீலகிரிக் கிளைகளை ஒடித்துவந்து ஒவ்வொரு பள்ளத்திலும் ஒன்றாக நட்டாள். காலேஜ் திறக்கப் பெரிய ஆட்கள் வந்தபோது, அவர்களுடைய வெள்ளைக் கார்கள் மூடின இடத்தில் வழுக்கிக்கொண்டு வந்து, கிளை நட்ட இடத்தில் வளைந்து வளைந்து, ஒரு பக்கம் தாழ்ந்து எழுந்து போயின. கண்ணாடியை இறக்கி ஒருவர் எட்டிப் பார்த்தார். நாங்கள் தார்க் கையோடு வரிசையாக நின்றோம். யாரும் கும்பிடு போடவில்லை.

மறுநாளிலிருந்து யேசுதாஸுக்கு வேலை இல்லை. பொம்மசந்திராவில் ஒரு லாரி ஷெட்டில் மூட்டை இறக்கப் போனான். அந்த மாதம் கஷ்டம்தான். ஆஷாவின் பீஸுக்கு அவன் அக்கா கம்மலை அடகு வைத்தாள். செண்பகத்தின் கால் கொஞ்சம் கோணலாகத்தான் கூடியது. ஆனால் சாலையோரம் வந்து நின்று, லாரிகள் வளைவில் ஏறி இறங்குவதைப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குள் போவாள்.

ஐப்பசி மழை முடிந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆதிகேசவன் வந்தார். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம்.

“அடுத்த வேல வந்திருக்குப்பா. உன்ன மாதிரி தார் பதம் தெரிஞ்ச ஆளு கெடைக்கல. மஞ்சுநாத் உன்ன கூட்டியாரச் சொன்னாரு. கூலி கூட ஏத்திக் குடுப்பாராம்.” கொஞ்சம் தயங்கிச் செண்பகத்தைப் பார்த்தார். “ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாரு. தங்கச்சி வீட்டோட இருக்கணுமாம்.”

யேசுதாஸ் மனைவியைப் பார்த்தான். அவள் பழத்தைப் பிய்த்து ஒன்றை ஆஷாவிடம் கொடுத்தாள், ஒன்றை மேஸ்திரியிடம் நீட்டினாள்.

“அவரு வருவாரு மேஸ்திரி, அனுப்பறேன்” என்றாள். “எந்த ரோடுன்னு மட்டும் முன்னாடியே சொல்லிடுங்க. நான் ரவி ஆட்டோவுக்குச் சொல்லி வெக்கணும்.”